எர்த் கம்பியைக் கழற்றாதீர்கள்

கண்டிப் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் பல வீடுகளில் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழும். வாஷிங் மெஷினைப் போட்டதும் வீடே இருண்டுபோகும். சிலர் அதற்குச் செய்யும் வைத்தியம், அந்தக் கருவியின் பிளக்கைத் திறந்து எர்த் கம்பியைக் கழற்றிவிடுவது. சுவிட்ச் விழுவது நின்றுவிடும், கோளாறும் தீர்ந்ததாகத் தோன்றும். ஆனால் மின்கசிவு அப்படியேதான் இருக்கிறது. அது மண்ணுக்குப் போகும் வழியை மட்டுமே நாம் அடைத்திருக்கிறோம். இனி ஈரக்கையோடு அந்தக் கருவியைத் தொடுபவரின் உடம்புதான் அதற்கு வழி. ட்ரிப் சுவிட்ச் விழுவது தொல்லை அல்ல, கோளாறு அகப்பட்டதற்கான அறிகுறி.

“ட்ரிப் சுவிட்ச் எதற்கு, எர்த் ரொட் அடித்திருக்கிறோமே, அது போதாதா?” என்று கேட்கலாம். போதாது. இங்கே வீட்டு எர்த் பெரும்பாலும் அந்தந்த வளவில் அடித்த ரொட்டை நம்பியே நிற்கிறது. மலைச்சரிவில் பாறைக்கு மேல் மண் மெலிந்த இடங்களிலும், மண் காயும் மாதங்களிலும் அதன் தடை கூடிவிடும். 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட் முழுதும் கசிந்தாலும் அதன் வழியே ஓடுவது 5 அம்பியருக்கும் குறைவு. 13 அம்பியர் ஃபியூஸ் அதற்கு எரியாது. கருவியின் உடல் ஏறக்குறைய முழு வோல்டேஜில் நிற்கும். அதைவிட மோசம், அதே எர்த்தில் சேர்ந்த பிரிட்ஜும் கேத்திலும் கூட மின்னேறி நிற்கும். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச்சோ அந்தக் கசிவை நொடியின் சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும்.

டெஸ்டரை வைத்துப் பார்த்தோம், விளக்கு எரியவில்லை என்பதும் முழுச் சான்றாகாது. அந்த நேரத்தில் அந்த உடலில் மின் ஏறியிருக்கவில்லை என்பதையே அது சொல்லும், எர்த் தொடுப்பு உயிரோடு இருக்கிறதா என்பதைச் சொல்லாது. எரிந்தாலும் எல்லாம் ஆபத்தல்ல: எர்த் இல்லாமல் போட்ட கம்ப்யூட்டரின் இரைச்சல் வடிகட்டி கூட அதை எரிய வைக்கும். அதனால் பிளக்கைக் கழற்றிவிட்டு, அதன் எர்த் பின்னுக்கும் கருவியின் உலோக உடலுக்கும் இடையே மல்டிமீட்டரால் தடையை அளப்பதே தெளிவான முதற் சோதனை. ஒரு ஓமுக்கும் குறைவாக இருக்க வேண்டும். 13 அம்பியர் சொக்கட்டின் எர்த் துளைக்குள் பேனாவைச் செருகி, இரண்டு பின் பிளக்கைத் திணிக்கும் வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். உலோக உடல் கொண்ட கருவியை அப்படிப் போட்டால் அதற்கு எர்த்தே கிடைப்பதில்லை. ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். ஆனால் அது சுவிட்சை மட்டுமே சோதிக்கிறது, எர்த்தை அல்ல.

ஈரத்தால்தான் விழுகிறது, வெயில் வந்தால் சரியாகிவிடும் என்பதில் ஓரளவு உண்மையுண்டு. சுடுநீர் ஹீட்டரின் சூடேற்றும் குழாய்க்குள் அடைத்த பொடி ஈரத்தை உறிஞ்சும். ஆனால் முத்திரை விட்டுப்போன குழாய் அடுத்த மழைக்கும் உறிஞ்சும். எல்லா பிளக்கையும் கழற்றி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதில் விழுகிறதோ அதை ஒதுக்கி, 500 வோல்ட் மெகரால் காப்புத் தடையை அளக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே இறங்கியிருந்தால் பழுதைத் திருத்தும்வரை அதைத் திரும்பப் போட வேண்டாம். குளியலறை ஹீட்டரை முதலில் பாருங்கள். அங்கேதான் வெறுங்காலும் நீரும் சேர்ந்திருக்கின்றன.