மூலம் என்று ஒதுக்கினால் முற்றிவிடும் பெருங்குடல் புற்றுநோய்
சித்தூர், திருப்பதியில் மருத்துவமனைகள் உண்டு, முன்கூட்டிய பரிசோதனை?

புதுதில்லி: இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 70 ஆயிரம் பேரைப் புதிதாகத் தாக்கும் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய், வருமுன் தடுக்கக்கூடிய நோய்களுள் ஒன்று. ஆயினும், மத்திய அரசு 2016-ல் வகுத்த பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களே இடம்பெற்றன. பெருங்குடல் அப்பட்டியலில் சேர்க்கப்படவில்லை.

ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் சிகிச்சை வசதிக்குக் குறைவில்லை. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் 1993-ல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனம் (ஸ்விம்ஸ்) திருப்பதியில் உள்ளது. டாடா அறக்கட்டளையின் முயற்சியில் 2018-ல் அடிக்கல் நாட்டப்பட்ட புற்றுநோய் மருத்துவமனை, 2022 மே மாதம் அங்கு திறக்கப்பட்டது. சித்தூர் மக்களுக்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் தொலைவில் இல்லை.

ஆனால், நோயாளி எந்தக் கட்டத்தில் அங்கு வந்து சேர்கிறார் என்பதே கேள்வி. மலத்தில் ரத்தம் கண்டால் மூலம் எனக் கருதிக் கைமருந்தோடு காலம் கடத்துவோர் பலர். மலம் கழிக்கும் வழக்கத்தில் நீடித்த மாற்றம், காரணமற்ற எடைக் குறைவு, ரத்தசோகை ஆகியனவும் அறிகுறிகளே.

குடலின் உட்சுவரில் தோன்றும் சிறு சதை வளர்ச்சி புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டுகள் ஆகும். இந்த அவகாசமே மருத்துவம் தரும் வாய்ப்பு. மலத்தில் மறைந்துள்ள ரத்தத்தைக் கண்டறியும் சோதனை எளியது; செலவும் குறைவு. அதில் ஐயம் எழுந்தால் மட்டும் கொலனோஸ்கோப்பி செய்து, சதை வளர்ச்சியை அப்போதே அகற்றிவிடலாம். அமெரிக்காவில் பரிசோதனை தொடங்கும் வயது 2021-ல் 50-லிருந்து 45 ஆகக் குறைக்கப்பட்டது. பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு இந்நோய் இருந்தால் 40 வயதிலேயே தொடங்குவது நல்லது.

உணவுக்கும் பங்குண்டு. பதப்படுத்தப்பட்ட இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-ல் அறிவித்தது. புகையிலை, மது, உடல் பருமன், உழைப்பின்மை ஆகியனவும் ஆபத்தைக் கூட்டுகின்றன. நார்ச்சத்து மிக்க ராகி சங்கடியும் கீரையும் பருப்பும் ராயலசீமையின் பழைய உணவுகள். அவற்றைக் கைவிடாமல் இருப்பதே பாதுகாப்பு.

மேலை நாடுகளைவிட இந்தியாவில் இந்நோயின் விகிதம் குறைவு என்பதால் அனைவருக்கும் பரிசோதனை தேவையில்லை என்ற வாதம் உண்டு. அவ்வாறாயினும், குடும்பப் பின்னணியும் அறிகுறியும் உள்ளவர்களுக்கேனும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மலப் பரிசோதனையை அரசு தொடங்கலாம். முற்றிய நோய்க்கு அரசுக் காப்பீட்டில் செலவிடும் தொகையோடு ஒப்பிட்டால் இது சிறு செலவே.