27-வது வாரம் தூளியை ஆட்டுவது யார்?

ஆரணி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயம் நினைவுக்கு வரும். ஒன்று அரிசி, இன்னொன்று பட்டு. கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இந்த ஊரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் நெசவுத் தெருவுக்குள் நுழைந்தால் கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் தறி தெரியும். அப்படிச் சத்தம் வரும் வீட்டில் கைக்குழந்தை இருந்தால், தறிக்குக் கொஞ்சம் தள்ளி விட்டத்தில் ஒரு தூளி தொங்கும். கீழே ஒரு அம்மா ராட்டையில் தார் சுற்றிக்கொண்டே தூளிக் கயிற்றைக் காலால் இழுத்துவிட்டபடி உட்கார்ந்திருப்பார். குழந்தை அழுதால் ராட்டை நிற்கும். பால் குடித்துத் தூங்கிவிட்டால் மறுபடி சுற்றும்.

சென்னையிலும் பெங்களூரிலும் பிரசவ லீவு முடிந்த பெண்கள் ஹெச்.ஆர். அறை வாசலில் தயங்கி நின்று கேட்பது இதைத்தான். 'கொஞ்ச நாளைக்கு அரை நாள் வேலை பார்க்கட்டுமா, நேரத்தை மாற்றிக்கொள்ளட்டுமா?' தறி வீட்டுப் பெண்ணுக்கு யாரிடமும் அதைக் கேட்க வேண்டியதில்லை. நேரம் அவர் கையில்தான் இருக்கிறது.

கையில் இல்லாதது லீவு. பட்டு நெசவு பெரும்பாலும் கூலி நெசவு. முதலாளியோ கூட்டுறவு சங்கமோ பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுப்பார்கள். சேலையை முடித்துக் கொடுத்தால் கூலி. தறி நின்றால் வருமானமும் நின்றுவிடும். பிரசவமானாலும் காய்ச்சலானாலும் அதே கணக்கு. போதாக்குறைக்கு, பல வீடுகளில் கணக்கு கணவர் பெயரில் இருக்கும். தார் சுற்றுவதும், அறுந்த இழையைப் பிணைப்பதும், கணவர் எழுந்ததும் தறியில் உட்காருவதும் மனைவிதான். ஆனால் கூலிச் சீட்டில் அவர் பெயர் இருக்காது. 2019-20 அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சத்துக்கும் அதிகமானோர் கைத்தறித் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களில் 70 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு சம்பளத்துடன் பிரசவ லீவு கொடுக்க முதலாளி என்று ஒருவர் சட்டத்தின் கண்ணில் இல்லை.

குழித்தறியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது என்ன வேலை என்று தெரியும். கால் இரண்டும் குழிக்குள், மிதியை மாற்றி மாற்றி அழுத்த வேண்டும், முதுகு முன்னால் வளைந்தே இருக்கும். சிசேரியன் தையல் ஆறுவதற்குள் இதைச் செய்ய எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். அதனால் முதல் சில மாதம் தறியை விட்டு ராட்டைக்கு வந்துவிடுவதுதான் பல வீடுகளின் வழக்கம். வேலை லேசாகிறது, வீட்டின் மொத்த வருமானம் இறங்குகிறது.

இதே ஊர்ப் பக்கத்தில் இன்னொரு வகை அம்மாவும் இருக்கிறார். விடியும் முன்னே ரோட்டோரம் நின்று கம்பெனி பஸ் பிடித்து செய்யாறு சிப்காட்டுக்குப் போகிறவர். காலணி, உதிரி பாகம் என்று பல தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஷிப்ட் பார்க்கிறார்கள். தறி வீட்டிலிருந்தும் பெண்கள் போகிறார்கள். மாதம் பிறந்தால் சம்பளம், ஈ.எஸ்.ஐ., பி.எஃப். தறியில் இல்லாதவை எல்லாம் அங்கே உண்டு. 26 வாரம் சம்பளத்துடன் பிரசவ லீவும் உண்டு.

சிக்கல் 27-வது வாரத்தில் ஆரம்பிக்கிறது.

முதலில் இந்த 26 வாரக் கணக்கையே பார்த்துவிடலாம். பிரசவத் தேதிக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம்வரை எடுக்கலாம். அப்படி எட்டையும் முன்னாலேயே எடுத்துவிட்டால் பிரசவத்துக்குப் பிறகு மிச்சம் 18 வாரம்தான். வேலைக்குத் திரும்பும்போது குழந்தைக்கு நாலு மாதம் தாண்டியிருக்கும், அவ்வளவே. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் எழுதியிருக்கிறது. உடம்பு ஒத்துழைத்தால் முன்னால் எடுக்கும் வாரங்களைக் குறைத்துக்கொள்வது நல்லது. மூன்றாவது குழந்தை என்றால் மொத்தமே 12 வாரம் என்பதையும் கவனிக்க வேண்டும்.

லீவு முடிந்த பிறகு சட்டம் என்ன தருகிறது? குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக, பால் கொடுக்க தினமும் இரண்டு இடைவேளை. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம். அம்மா ஒரு நாளைக்கு நாலு முறை போய்க் குழந்தையைப் பார்த்துவரலாம். வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலையாக இருந்தால், இரு தரப்பும் ஒப்புக்கொண்டு வீட்டிலிருந்தே செய்ய அனுமதிக்கலாம். 2017 திருத்தத்தில் வந்தவை காப்பகமும் வீட்டு வேலையும். 2025 நவம்பர் 21 அன்று சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தபோது பழைய மகப்பேறு நலச் சட்டத்தின் இந்த அம்சங்கள் அதற்குள் போய்ச் சேர்ந்தன.

'அனுமதிக்கலாம்' என்ற சொல்லை இன்னொரு தடவை படியுங்கள். அனுமதிக்க வேண்டும் என்று இல்லை. அதுவும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர்களுக்குத்தான் பொருந்தும். செருப்புக்கு அடிப்பாகம் ஒட்டுகிறவர் வீட்டிலிருந்து எப்படி ஒட்டுவார்? அரை நாள் வேலை, குறைந்த மணி நேரம், ஷிப்ட் மாற்றம் ஆகியவற்றைப் பற்றி சட்டத்தில் ஒரு வரி இல்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை.

1961 மகப்பேறு நலச் சட்டத்தில் 12 வாரமாக இருந்த லீவு 2017 ஏப்ரல் 1 முதல் 26 வாரமானது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை 1 முதல் 12 மாதம். நல்ல முன்னேற்றம், மறுப்பதற்கில்லை. ஆனால் வளர்ந்ததெல்லாம் லீவின் நீளம். திரும்பி வந்த பிறகு நாள் எப்படி ஓடும் என்பதை யாரும் தொடவில்லை. இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. இல்லாத இடங்களில் லீவுச் சம்பளம் முழுவதும் முதலாளியின் பையிலிருந்துதான் போகிறது. 1928-ல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், இந்தச் சுமையின் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்க வேண்டும் என்று வாதாடினார். கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகிறது. சின்னக் கம்பெனிகள் கல்யாணமான பெண்ணை வேலைக்கு எடுக்கும் முன் விரலை மடக்கிக் கணக்குப் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பட்டுச் சேலை நெய்கிறவர், செருப்பு செய்கிறவர் தவிர மூன்றாவதாக ஒருவர் உண்டு, அதே சேலையைக் கடையில் விரித்துக் காட்டுகிறவர். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021-ல்தான். உட்காருவதற்கே இத்தனை வருடம். பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் கடையென்றால் மகப்பேறு லீவு சட்டம் அதற்கும் பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது.

வெளிநாடுகளில் இதை எப்படிக் கையாண்டார்கள்? பிரிட்டன் கதை சுவாரஸ்யமானது. 2003 ஏப்ரலில் அவர்கள் கொடுத்தது வேலை நேரத்தைக் குறைக்கும் உரிமை அல்ல, குறைக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை உள்ளவர்கள் எழுதிக் கேட்கலாம். முதலாளி பரிசீலித்தே ஆக வேண்டும், மறுத்தால் சட்டம் பட்டியலிட்ட காரணங்களில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பல்லில்லாத சட்டம் என்றுதான் தோன்றும். ஆனால் கேட்பதே குற்றம் என்ற பயம் அதில் போய்விட்டது. 2014-ல் எல்லா ஊழியர்களுக்கும் அது விரிந்தது. 2024 ஏப்ரல் முதல் வேலையில் சேர்ந்த முதல் நாளே கேட்கலாம், இரண்டு மாதத்துக்குள் பதில் வர வேண்டும். ஸ்வீடனில் குழந்தைக்கு எட்டு வயதாகும்வரை பெற்றோர் வேலை நேரத்தில் கால் பங்கைக் குறைத்துக்கொள்ளலாம். ஜப்பானில் குழந்தைக்கு மூன்று வயது முடியும்வரை ஆறு மணி நேர வேலைநாளுக்கு வழி உண்டு. சம்பளமும் அதற்கேற்பக் குறையலாம்தான், வேலை போகாது.

இங்கே அப்படிச் சட்டம் இல்லை என்பதற்காகக் கேட்கவே கூடாது என்றில்லை. கேட்கும் விதம் முக்கியம். லீவு முடிந்து திரும்பும் நாளன்று சூப்பர்வைசரிடம் போய் நின்றால், 'பார்க்கலாம்மா' என்பதோடு முடிந்துவிடும். குறைந்தது ஒரு மாதம் முன்னால், எழுத்தில் கேளுங்கள். 'எனக்கு உதவி செய்யுங்கள்' என்பதைவிட, 'குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை காலை 9.30 முதல் 2.30 வரை வேலை செய்ய விரும்புகிறேன். மதியத்துக்கு மேல் வரும் வேலையை இன்னார் பார்த்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். மூன்று மாதம் கழித்து இது சரியாக ஓடுகிறதா என்று சேர்ந்து பார்க்கலாம்' என்று எழுதினால் மறுப்பது கஷ்டம். எத்தனை மணி, எத்தனை மாதம், வேலை எப்படி நடக்கும் என்ற மூன்றும் அதில் வந்துவிடுகிறது. குறைந்த நேரம் முடியாது என்றால் அடுத்த படி: இரண்டு பால் இடைவேளையையும் சேர்த்துக் கடைசியில் எடுத்துக்கொண்டு முன்னதாகக் கிளம்பலாமா என்று கேட்கலாம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் முடியும்.

தொழிற்சாலை வரிசையில் இது இன்னும் சிக்கல். ஒருவர் பாதியில் எழுந்தால் அடுத்தவர் கை சும்மா இருக்கும். ஒரே ஊரைச் சேர்ந்த இரண்டு அம்மாக்கள் ஒரு ஷிப்டை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வதாகச் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் வரிசை நிற்காது. ஆனால் அப்போதும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும்: நடுமதியத்தில் கம்பெனி பஸ் ஓடுமா? அரை ஷிப்டு கிடைத்தும் வீடு திரும்ப வண்டி இல்லையென்றால் என்ன பயன்? விண்ணப்பத்தில் பஸ்ஸையும் சேர்த்து எழுத வேண்டும்.

பணக் கணக்கில் பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று. மகப்பேறு லீவுச் சம்பளம், லீவுக்கு முந்தைய மூன்று மாதச் சராசரிக் கூலியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அரைச் சம்பளத்தில் இருக்கும்போதே இரண்டாவது குழந்தைக்கு லீவு எடுத்தால் அந்த 26 வாரமும் அரைச் சம்பளம்தான். முழு நேரத்துக்கு எப்போது திரும்புவது என்று தீர்மானிக்கும்போது இதையும் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

குழந்தையை யார் பார்ப்பது என்பது எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி. 'அத்தை பார்த்துக்குவாங்க' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். தறி வீட்டில் அந்த அத்தையும் ஒரு தொழிலாளி. பேரனைத் தூக்கி வைத்துக்கொண்டால் அவர் தார் சுற்ற முடியாது; தார் இல்லாமல் மகனின் தறி ஓடாது. மருமகள் கொண்டுவரும் சம்பளத்தில் இந்த இழப்பைக் கழித்துப் பார்த்தால்தான் நிஜக் கணக்கு தெரியும். அங்கன்வாடியில் பாலர் கல்விக்குச் சேர்க்க இரண்டு வயது ஆக வேண்டும். ஆறாவது மாதத்துக்கும் இரண்டாவது வயதுக்கும் நடுவில் இருக்கும் ஒன்றரை வருடம்தான் பெண்களை வேலையை விட வைக்கிறது.

தறியிலேயே இருக்கும் அம்மாவுக்கு விண்ணப்பம் கொடுக்க ஹெச்.ஆர். இல்லை. ஆனாலும் சில வாசல்கள் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் கிடைக்கும். அதில் 14,000 ரொக்கம், 4,000 ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். கர்ப்பத்தை ஆரம்பத்திலேயே கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்ய வேண்டும். கைத்தறி மற்றும் கைத்தறிப் பட்டு நெசவுத் தொழிலாளர்களுக்கென்று தனி நல வாரியம் இருக்கிறது. அதில் பதிவு செய்த பெண்ணுக்கு மகப்பேறு உதவித்தொகையும் உண்டு. பதிவு செய்ய வேண்டியது அவர் பெயரில், கணவர் பெயரில் மட்டுமல்ல. நெசவாளர் அடையாள அட்டைக்கும் அதே கதைதான். 'நான் சும்மா கூடமாட உதவி பண்றேன்' என்று அதிகாரியிடம் சொல்லும் பெண்கள் அங்கேயே தங்கள் பெயரைத் தாங்களே அடித்துவிடுகிறார்கள்.

முதலாளியிடம் பேசுவதற்கும் நேரம் காலம் உண்டு. பாவு ஏற்றுவதற்கு முன்னால் பேசினால் பேச்சு எடுபடும். பாதிச் சேலையில் நின்றுகொண்டு பேசினால், அட்வான்ஸ் கணக்கு குறுக்கே வரும். 'அண்ணே, மாசி மாசம் பிரசவத்துக்குச் சொல்லியிருக்காங்க. அடுத்த பாவு வேலைப்பாடு கம்மியா இருக்கறதா குடுங்க, முடிக்க ரெண்டு மாசம் கூட ஆகும்' என்று ஏழாவது மாதத்திலேயே, கணவரோடு போய், சொல்லிவிடுவது.