பூச்சியத்துக்குள் முறிந்த டொக்

ஓய்விலிருக்கும் பொருளில் விளையுள் விசை பூச்சியம். சாதாரண தரப் பிள்ளையும் இதை நித்திரையில் சொல்லும். ஆனால் பூச்சியம் என்றதும், பொருளுக்குள் ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைத்துவிடுகிறோம்.

சித்திரை விளையாட்டுப் போட்டியில் கயிறிழுப்பு. இரு அணியும் 2000 நியூற்றன் விசையோடு இழுக்க, கயிறு அசையவில்லை. நடுவே விற்றராசு ஒன்றைக் கட்டினால் பூச்சியம் காட்டும் என்பார் சிலர், 4000 என்பார் பலர். காட்டுவது 2000. ஓர் அணியை அனுப்பிவிட்டு அந்த நுனியைப் பனையில் கட்டினாலும், மற்ற அணி அதே விசையோடு இழுத்தால், அதே 2000தான். அணி செய்த வேலையைப் பனை செய்கிறது. கயிற்றை எந்த இடத்தில் வெட்டியதாக நினைத்தாலும், அங்கே ஒரு துண்டு மற்றதை இழுத்துக்கொண்டிருக்கும். அதுதான் இழுவை.

வெட்டிப் பார்க்கும் இந்தப் பழக்கத்தோடு 1944க்குப் போவோம். திருகோணமலையில் பிரித்தானியக் கடற்படையின் மிதக்கும் டொக் ஒன்று இருந்தது. இலக்கம் 23. ஐம்பதாயிரம் தொன் தூக்கக்கூடியது. அடித்தொட்டிகளில் நீர் நிரப்பினால் டொக் தாழும். கப்பல் உள்ளே வரும். நீரை வெளியே இறைக்க டொக் கப்பலோடு மெல்ல எழும். ஆகஸ்ட் 8ஆம் திகதி அதில் ஏற்றப்பட்டது 'வேலியன்ட்' என்ற போர்க்கப்பல். முப்பதாயிரம் தொன்னுக்கு மேல், வெடிமருந்தும் நிறைய. தூக்கும் வலு தாராளமாக இருந்தும் டொக்கின் நாரி முறிந்தது. டொக் மூழ்கியது, கப்பல் தப்பினாலும் உந்துவிசிறிகளும் சுக்கானும் சேதமாகின.

கப்பலின் பாரப் பரம்பலுக்குப் பொருந்தாத ஒழுங்கில் தொட்டிகளை வெறுமையாக்கியதே காரணம். மொத்த மேலுதைப்பும் மொத்த எடையும் சமன். அந்தக் கணக்கில் பிழையில்லை. ஆனால் கடல் தூக்கும் இடமும் கப்பல் அழுத்தும் இடமும் ஒன்றல்ல. உதாரணத்துக்கு, இரு முனைத் தொட்டிகளும் முந்தி வெறுமையானால் முனைகள் மேலே உந்தப்படும், நடுப்பகுதியைக் கப்பல் கீழே அமுக்கும். டொக்கை நடுவே வெட்டியதாக நினைத்துப் பாருங்கள்: அடித்தகடுகள் இழுபடுகின்றன, பக்கச் சுவர்களின் மேல்விளிம்பு நெருக்குப்படுகிறது. எங்கோ ஒரு தகடு தாங்காது போகும்வரை வெளியே எல்லாம் அசையாமல்தான் தெரியும்.

சீனக்குடாவில் பிறிமா மாவாலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பல்களுக்கும் இதே பிரச்சினைதான், தலைகீழாக. நடு அறைகளை மட்டும் முதலில் காலியாக்கினால் முனைகளின் பாரம் கீழே தொங்கும். இம்முறை இழுபடுவது மேல்தளம். அதனால் எந்த அறையிலிருந்து எவ்வளவு, எந்த ஒழுங்கில் இறக்குவது என்று முன்கூட்டியே திட்டம் போடுகிறார்கள். வளைவைக் கணிக்க இப்போது கப்பலிலேயே கணினி உண்டு.