வாகனத் தரிப்பிடக் கட்டணமும் உள்ளூராட்சி மன்றமும்: கிரான் பகுதியை முன்வைத்து ஒரு விளக்கம்

உள்ளூராட்சி மன்றம் ஒன்று மக்களிடமிருந்து அறவிடும் பணத்தை வரி, கட்டணம் என இரண்டாக வகுக்கலாம். செலுத்துவோர் நேரடியாகப் பெறும் பயனைக் கருதாது பொதுச் செலவுக்கென அறவிடப்படுவது வரி. குறித்த ஒரு சேவைக்கோ அனுமதிக்கோ ஈடாகப் பெறப்படுவது கட்டணம். ஏட்டளவில் தெளிவான இவ்வேறுபாடு நடைமுறையில் எளிதில் மறைந்துவிடுகின்றது. வாகனத் தரிப்பிட அனுமதி இதற்குத் தக்க சான்றாகும். அதனை ஆராய்ந்து, கிரான் போன்றதோர் ஊருக்கு அதனாற் பெறப்படும் படிப்பினையை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குடியிருப்பாளர் தரிப்பிட அனுமதி என்பது பெருநகரங்களிலே தோன்றிய ஏற்பாடாகும். வளவும் முற்றமும் இல்லாத வீடுகள் நெருங்கிய தெருவில், வெளியார் தம் வாகனங்களை நிறுத்திச் சென்றால் அத்தெருவாசிகளுக்கு இடமில்லாது போகும். ஆதலின் மன்றம் அத்தெருவைக் கட்டுப்பாட்டு வலயமாக அறிவித்து, வதிவிடச் சான்று காட்டுவோருக்கு ஆண்டுதோறும் அனுமதி வழங்குகின்றது. விருந்தினருக்கெனத் தனிச் சீட்டுகள் விற்கப்படுகின்றன. அனுமதியின்றி நிறுத்துவோர் தண்டப்பணம் செலுத்தல் வேண்டும். அனுமதி பெற்றவருக்கும் குறித்த ஓரிடம் ஒதுக்கப்படுவதில்லை. வெற்றிடம் இருப்பின் நிறுத்தும் உரிமை மாத்திரமே அவருக்கு உண்டு.

இவ்வனுமதிக்கு எவ்வளவு அறவிடலாம் என்னும் வினா, தமிழர் பலர் வாழும் வட இலண்டனின் பார்னெட் நகரில் வழக்காக எழுந்தது. 2011ஆம் ஆண்டில் அந்நகர மன்றம் முதல் வாகனத்துக்கான ஆண்டுக் கட்டணத்தை 40 பவுணிலிருந்து 100 பவுணாகவும், விருந்தினர் சீட்டை 1 பவுணிலிருந்து 4 பவுணாகவும் உயர்த்தியது. மிகுதிப் பணத்தை வீதிப் பராமரிப்பு முதலாய பிற போக்குவரத்துச் செலவுகளுக்குப் பயன்படுத்துவதே அதன் கருத்து. குடியிருப்பாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், 2013 யூலையில் உயர் நீதிமன்றம் அவ்வுயர்வு சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. மன்றம் அதிகாரம் பெற்ற 1984ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்து ஒழுங்குபடுத்தற் சட்டம் வருமானம் ஈட்டுதற்கென இயற்றப்பட்டதன்று என்பதே அத்தீர்ப்பின் சாரம். மிகுதி தற்செயலாக எஞ்சுதல் வேறு. மிகுதியையே குறியாகக் கொண்டு கட்டணம் வகுத்தல் வேறு என்பதை இதனால் நாம் உணரலாம்.

இனிக் கிரானை நோக்குவோம். இங்கு வீட்டு வளவே வாகனத்தின் தரிப்பிடமாதலின், குடியிருப்பாளர் அனுமதிக்குத் தேவை எழவில்லை. ஆயின் சந்தையை அண்டியும் கடைத்தெருவிலும் முச்சக்கர வண்டி, மோட்டார் சைக்கிள், உழவு இயந்திரம் ஆகியன நிற்க இடம் வேண்டும். ஊரூடாகச் செல்லும் மட்டக்களப்பு - திருகோணமலை நெடுஞ்சாலை ஏ15 வகுப்பினது. அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பிலுள்ளது. உள்வீதிகள் பல பிரதேச சபையைச் சார்ந்தவை. கிரானில் உள்ள பிரதேச செயலகம் கோறளைப்பற்று தெற்குப் பிரிவுக்குரியது. உள்ளூராட்சியோ வாழைச்சேனையில் அமைந்த கோறளைப்பற்றுப் பிரதேச சபையின் கையிலுள்ளது. ஆகவே எந்த இடத்தில் எவர் கட்டணம் கேட்கலாம் என்பது முதலில் தெளிவாதல் வேண்டும்.

“ஆண்டுதோறும் வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் பணம் கட்டுகின்றோமே, மீண்டும் எதற்கு?” என மக்கள் வினவுதல் இயல்பே. அப்பணம் பிரதேச செயலகத்திற் செலுத்தப்படினும் மாகாண சபையின் வருமானமாகும், பிரதேச சபைக்குரியதன்று. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் சபைக்கு வழங்கிய வாகன, விலங்கு வரி மிகப் பழைய வாழ்க்கை முறையை நினைவூட்டுவது. வியாபாரத்துக்கான துவிச்சக்கர வண்டிக்கு 18 ரூபா, ஏனைய துவிச்சக்கர வண்டிக்கு 4 ரூபா, மாட்டு வண்டிக்கு 20 ரூபா, யானைக்கு 50 ரூபா என அதன் அட்டவணை அமைகின்றது. மோட்டார் வாகனங்கள் அவ்வரிக்குப் புறம்பானவை. இவ்வாறு வருவாய் சுருங்கிய சபைக்கு, தரிப்பிடக் கட்டணம் கவர்ச்சியான வாயிலாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

இடர் தோன்றுவதும் இங்கேயே. சந்தையைப் போலத் தரிப்பிடமும் கேள்விப்பத்திர மூலம் அதிக தொகை கோருவோருக்குக் குத்தகையாக விடப்படுமாயின், குத்தகைகாரர் தாம் கட்டிய முதலையும் அதற்கு மேலான இலாபத்தையும் ஈட்டவே முயல்வர். வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரை ஊர்களிலிருந்து மரக்கறியும் தயிரும் கொண்டுவரும் சிறு விற்பனையாளருக்கு, அரைநாள் தரிப்பிடப் பணமும் அன்றைய ஊதியத்திற் குறைவை உண்டாக்கும். இடத்தை ஒழுங்குபடுத்தப் பிறந்த கட்டணம், வறியோர் மீதான வரியாக உருமாறிவிடும்.

ஆகவே மூன்று நிபந்தனைகளை நாம் வற்புறுத்துதல் தகும். முதலாவது, கட்டணம் உப விதியின் வழி, அமைச்சரின் அங்கீகாரத்துடன் வர்த்தமானியில் வெளியிடப்பட்டதாய் இருத்தல் வேண்டும். இரண்டாவது, அதன் அளவு இடத்தைத் துப்புரவாக்கல், நிழல் அமைத்தல், காவல், பற்றுச்சீட்டு வழங்கல் ஆகியவற்றின் செலவோடு பொருந்துதல் வேண்டும். மூன்றாவது, அதன் வரவு செலவு தனிக் கணக்காகச் சபை அறிவித்தற் பலகையில் வெளியிடப்படல் வேண்டும். துவிச்சக்கர வண்டிக்கும் சிறு விற்பனையாளருக்கும் விலக்கு அளிப்பது மேலும் சிறப்பாகும்.

சபைக்குப் பணம் தேவை என்பதை நாம் மறுக்கவில்லை. அத்தேவையை வரியாகக் கேட்டால் மக்கள் அதனை விவாதித்து ஏற்கவோ மறுக்கவோ இயலும். கட்டணத்தின் பெயரில் அது கேட்கப்படும்போது அவ்விவாதத்துக்கே இடமில்லாது போகின்றது. கையிற் கிடைக்கும் பற்றுச்சீட்டு எதற்கானது என்று வினவும் பழக்கமே உள்ளூராட்சியிற் குடிமக்களின் முதற் கடமை எனலாம்.