கண் தெரியாத ரிமோட் டேங்க்

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் பக்கம் போனால் வரிசையாகத் தொழிற்சாலைகளைப் பார்க்கலாம். கார் தொழிற்சாலைகளில் ரோபோ கைகளே வெல்டிங் செய்கின்றன. ஆள் தொடாமல் இயந்திரம் இயங்குவது புதிய விஷயம் என்று நினைக்கிறோம் இல்லையா? சோவியத் யூனியன் 1930களிலேயே ஆளில்லாத டேங்கை ஓட்டிப் பார்த்துவிட்டது.

அதன் பெயர் டெலிடேங்க். டி-26 என்ற சாதாரண டேங்கில் ரேடியோ ரிசீவரையும், லீவர்களை இயக்கும் கருவிகளையும் பொருத்தினார்கள். பின்னால் இன்னொரு டி-26 வரும். அதுதான் கமாண்ட் வண்டி. அதில் இருப்பவர் பட்டனை அழுத்தினால் முன்னால் போகும் டேங்க் திரும்பும், நிற்கும், தீயைக் கக்கும். மொத்தமே 16 முதல் 24 கட்டளைகள்தான். உங்கள் டிவி ரிமோட்டில் இதைவிட அதிகப் பட்டன்கள் இருக்கும்! இரண்டு வண்டிகளுக்கும் இடையே 500 முதல் 1500 மீட்டர் வரை தூரம் இருக்கலாம்.

சிக்கல் எங்கே? கட்டளை போகும், பதில் வராது. இன்னொரு கம்ப்யூட்டரை நெட்வொர்க் வழியாக இயக்குகிறீர்கள், ஆனால் அதன் திரை உங்களுக்குத் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கதைதான். டெலிடேங்கில் கேமரா கிடையாது. பின்னால் இருப்பவர் தன் கண்ணால் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். 1939-40ல் ஃபின்லாந்துப் போரில் இறக்கியபோது மேடு பள்ளங்களில் இந்த வண்டிகள் தடுமாறின. ஓட்டுநரைக் காப்பாற்றப் போட்ட திட்டம், கமாண்ட் வண்டியில் இருந்தவரைப் போர்க்களத்திலேயே உட்கார வைத்தது.

இதற்கான விடையை நம் பக்கத்திலேயே பார்க்கலாம். சென்னை ஆவடியில் உள்ள டிஆர்டிஓ ஆய்வகம் 2017ல் 'முந்த்ரா' என்ற ஆளில்லா வண்டியைக் காட்டியது. சோவியத் வடிவமைப்பான பிஎம்பி-2தான் இதற்கும் அடிப்படை! ஆனால் இதில் ரேடார், கேமரா, லேசர் தூரமானி எல்லாம் உண்டு. 15 கிலோமீட்டர் தள்ளி உள்ள இலக்கையும் கவனிக்கலாம் என்றார்கள்.

கேமரா வைத்துவிட்டால் போதுமா? 24 கட்டளைகளை அனுப்ப 5 பிட் போதும். வீடியோவுக்கோ ஒவ்வொரு விநாடியும் லட்சக்கணக்கான பிட்கள் வேண்டும். படம் அரை விநாடி தாமதமாக வந்தால்கூட, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி அதற்குள் கிட்டத்தட்ட 3 மீட்டர் ஓடியிருக்கும். ஓட்டுபவர் திரையில் பார்க்கும் பள்ளத்தில் வண்டி ஏற்கெனவே இறங்கியிருக்கும்.