சுங்கை சிப்புட்டிலேயே ஒரு கல்லூரி இருக்கிறது

எஸ்.பி.எம். முடிவு வெளியாகும் வாரத்தில் ஈப்போ பேரங்காடிகளில் தனியார் கல்லூரிகளின் ஆட்கள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். வழவழப்பான புத்தகம், இலவசப் பை, "கையில் காசே வேண்டாம், கடனை நாங்களே எடுத்துத் தருகிறோம்" என்ற பேச்சு. சுங்கை சிப்புட்டைத் தாண்டி ஒரு தோட்டத்திலிருந்து மகனைக் கூட்டிக்கொண்டு வந்த அம்மா, தமிழில் பேசும் ஒருவரைக் கண்ட நிம்மதியில் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டு வீடு திரும்புகிறார். அவர் திரும்பும் ஊரிலேயே அரசாங்கச் சமூகக் கல்லூரி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி அவருக்கு யாரும் சொன்னதில்லை.

நம் நாட்டில் சமூகக் கல்லூரிகள் 2001-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டன. பேராக்கில் சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், செண்டரோ, கிரிக், பாசீர் சாலாக் ஆகிய இடங்களில் இவை உள்ளன. மின்சாரத் தொழில்நுட்பம், வாகனப் பழுதுபார்ப்பு, குளிர்சாதனம், கணினி வலைப்பின்னல், பேஸ்ட்ரி, தையல், ஹோட்டல் வேலை என்று கல்லூரிக்குக் கல்லூரி பாடங்கள் மாறும். ஒரு பருவத்துக்கான கல்விக் கட்டணம் சுமார் 200 வெள்ளி. நிறைய 'ஏ' வாங்கிய பிள்ளைகளுக்காக மட்டும் கட்டிய இடங்கள் அல்ல இவை. ஆனால் தேசிய மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். 2013 முதல் இந்த இரண்டு பாடங்களில் தேறாதவருக்கு எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. படிவம் 4-இல் பிள்ளை இருக்கும்போதே பெற்றோர் கவனிக்க வேண்டியது இது.

சான்றிதழ் படிப்போடு நின்றுவிட வேண்டியதில்லை. நல்ல புள்ளிகளோடு முடித்தவர் பாலிடெக்னிக்கில் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம். நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார், 1969 முதல் ஈப்போவில்தான் இருக்கிறது. அங்கிருந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களுக்கு வழி உண்டு. லயத்து வீட்டிலிருந்து பட்டம் வரைக்கும் போகிற இந்தப் பாதை முழுவதும் அரசாங்கக் கட்டணத்தில் நடக்கக்கூடியது.

பிறகு ஏன் நம் பிள்ளைகள் அங்கே அதிகம் போவதில்லை? கட்டணத்தை விடத் தூரமும் பத்திரச் சிக்கலும்தான் தடை என்பது என் கருத்து.

தோட்டத்தில் பள்ளி, கோயில், மருந்தகம், கடை எல்லாம் நடக்கும் தூரத்தில் இருந்தன. சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் பெரிய ரப்பர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டின் மகனான துன் சம்பந்தன், 1960-இல் தொழிலாளர்களின் சிறு சந்தாவைச் சேர்த்துத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். அது பல தோட்டங்களைக் காப்பாற்றியது. பேராக்கின் எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆட்கள் குறைந்தார்கள், பலர் புந்தோங் போன்ற இடங்களுக்கும் மலிவு வீடுகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். உள்ளே மிச்சம் இருப்பவர்களுக்குப் பஸ் வருகிற பெரிய ரோட்டுக்கு வருவதே ஒரு பயணம். வீட்டில் ஒரே மோட்டார். அதில் அப்பா வேலைக்குப் போகிறார். விடுதி எல்லாச் சமூகக் கல்லூரியிலும் கிடையாது. 200 வெள்ளி கட்டணத்தைக் கட்டிவிடுகிற குடும்பம், மாதாமாதம் வரும் பெட்ரோல், சாப்பாடு, அறை வாடகைச் செலவில் தடுமாறுகிறது. பிள்ளை இரண்டாம் பருவத்தில் நின்றுவிட்டு ஏதாவது ஃபேக்டரியில் சேர்கிறான். அவனைச் சோம்பேறி என்று சொல்வதை நாம் நிறுத்த வேண்டும்.

தூரத்தை விடக் கொடியது பத்திரச் சிக்கல். அரசாங்க உயர்கல்வி நிலையங்களுக்கான யூ.பி.யூ. வழியாக விண்ணப்பிக்க மலேசியக் குடியுரிமை வேண்டும். 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதாரின் திருமணத்தைப் பதிவு செய்வது சட்டப்படி கட்டாயம். கோயிலில் தாலி கட்டியாயிற்றே என்று பதிவை விட்டுவிட்ட குடும்பங்கள் தோட்டங்களில் ஏராளம். பதிவு இல்லாவிட்டால் பிள்ளையின் குடியுரிமை தாயைப் பொறுத்தே முடிவாகும். தாய் குடியுரிமை இல்லாதவராக இருந்தால், அப்பா மலேசியராக இருந்தும் பிள்ளை நாடற்றவனாகிவிடலாம். பள்ளிக்கூடம் எப்படியோ சேர்த்துக்கொண்டிருக்கும். 17 வயதில், கல்லூரி வாசலில்தான் அந்தக் கதவு மூடியிருப்பது தெரியவரும். 2011-இல் இந்தியர்களின் பத்திரச் சிக்கலுக்காகவே 'மைடஃப்தார்' என்ற இயக்கத்தை அரசாங்கம் நடத்தியது என்றால், இது எவ்வளவு பெரிய பிரச்சினை என்று புரிந்துகொள்ளலாம்.

இதற்கு வழி உண்டு. கூட்டரசு அரசியலமைப்பின் 15ஏ பிரிவு, சிறப்புச் சூழ்நிலையில் பிள்ளைகளைக் குடிமக்களாகப் பதிவு செய்ய அரசாங்கத்துக்கு அதிகாரம் தருகிறது. வயது வரம்பு உள்ள வழி இது என்பதால் 18 வயது ஆகும் முன்பே தேசியப் பதிவிலாகாவில் மனுக் கொடுத்துவிடுங்கள். பதில் வர ஆண்டுகள் ஆகலாம். ஆகவே ஆரம்பப் பள்ளியிலேயே தொடங்குவது நல்லது. வழக்கறிஞருக்குக் கட்ட வசதி இல்லாதவர்கள் ஈப்போவில் உள்ள பேராக் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை அணுகலாம்.

இனி அந்த மேசைக்கு வருவோம். எல்லாத் தனியார் கல்லூரியும் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடன் என்பது கடன்தான். பி.டி.பி.டி.என். கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு கட்டணம் உண்டு. தொழிற்திறன் படிப்புகளுக்குப் பி.டி.பி.கே. கடன் தருகிறது. இரண்டையும் திருப்பிக் கட்ட வேண்டியவர், கையெழுத்துப் போட்ட பிள்ளைதான். படிப்புக்கு அங்கீகாரம் இல்லையென்றாலும், பிள்ளை பாதியில் நின்றாலும், கல்லூரிக்குப் போய்விட்ட பணம் பிள்ளையின் பெயரில் கடனாகவே நிற்கும்.

கையெழுத்துப் போடும் முன் அந்தப் படிப்பின் பெயர், மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரியின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. அந்தக் குறிப்பிட்ட படிப்பு, அந்தக் குறிப்பிட்ட கிளைக்கு இருக்க வேண்டும். தொழிற்திறன் சான்றிதழ் என்றால் திறன் மேம்பாட்டுத் துறையின் அங்கீகார மையப் பட்டியலில் தேடுங்கள். வெற்றுப் பாரத்தில் கையெழுத்து வேண்டாம். ஐ.சி. நகலைக் கொடுத்தால், எதற்காக என்று அதன் மேலேயே எழுதிக் கொடுங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்ன விடுதி, மடிக்கணினி, வேலை உத்தரவாதம் எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அந்த மேசையை விட்டு எழுந்துவிடலாம்.

ஏற்கெனவே ஏமாந்துவிட்டவர்கள் வெட்கப்பட்டு ஒதுங்கிவிட வேண்டாம். படிப்பை நிறுத்தினால், கல்லூரிக்கும் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் அன்றைக்கே எழுத்து மூலம் தெரிவித்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். உயர்கல்வி அமைச்சிடம் புகார் செய்யலாம். கட்டிய பணத்தைத் திரும்பப் பெற, பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை, நாமே பேசலாம். பாதிப்பு நேர்ந்த மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். ரசீது, வாட்ஸ்அப் செய்தி, விளம்பரத் தாள் எதையும் தூக்கி எறியாதீர்கள். அவைதான் நமக்குச் சாட்சி.

உதவித் தொகைக்கு மித்ரா, எம்.ஐ.இ.டி. போன்றவற்றின் அறிவிப்புகளைப் பாருங்கள். அவை ஆண்டுக்கு ஆண்டு மாறும். குடும்ப வருமானம் குறைவு என்றால் இகாசே பட்டியலில் பெயர் பதிந்திருப்பது பல உதவிகளுக்குக் கைகொடுக்கும்.

அரசியலமைப்பின் 12-ஆவது பிரிவு, அரசாங்கக் கல்வி நிலையங்களில் சேர்க்கையிலும் கட்டணத்திலும் பொதுப்பணத்திலிருந்து தரும் உதவியிலும் இனம், சமயம், பிறந்த இடம் பார்த்துப் பாகுபாடு கூடாது என்கிறது. 153-ஆவது பிரிவின் ஒதுக்கீடுகள் உண்டு என்பதும் தெரிந்ததே. ஆனால் நம் பிள்ளைகள் விண்ணப்பிக்காமலே விட்ட இடங்களுக்கு எந்தப் பிரிவும் காரணமில்லை. தோட்டத்திலிருந்து கல்லூரிக்கு ஒரு பஸ், வெளியூர்ப் பிள்ளைக்கு ஒரு படுக்கை, தமிழில் ஒரு விளக்கத் தாள் ஆகிய இந்த மூன்றையும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கல்லூரியிடமும் உரிமையோடு கேட்போம். கோயில் நிர்வாகமும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் சேர்ந்து கேட்டால் மறுப்பது கடினம்.

யூ.பி.யூ.வில் இடம் கிடைக்காவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். அதோடு கல்லூரிக்கே நேரில் போய்க் காலியிடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். எஸ்.பி.எம். எழுதும் பிள்ளை வீட்டில் இருந்தால், இன்றிரவே பிறப்புப் பத்திரத்தையும் பெற்றோரின் திருமணச் சான்றிதழையும் எடுத்து மேசைமேல் வையுங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றால், நாளைக் காலை முதலில் போக வேண்டிய இடம் பதிவிலாகா.