தஞ்சைக் கிறித்துப் பிறப்புப் பாடல் மரபில் பெத்லகேம் குறவஞ்சி

முன்னுரை

காவிரிப் படுகையில் சீர்திருத்தக் கிறித்தவ இசை இரு வழிகளில் வளர்ந்தது. 1706இல் தரங்கம்பாடியில் தொடங்கிய லூத்தரன் மறைப்பணி, செருமானியப் பாடல்களை அவற்றின் மெட்டு மாறாமல் தமிழாக்கியது. இவை ஞானப்பாட்டுகள் எனப்பட்டன. தமிழிசை வடிவங்களிலேயே இயற்றப்பட்ட கீர்த்தனைகள் மற்றொரு வழியாகும். இவ்வழியை வலுப்படுத்தியவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). அவர் 1800இல் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி மக்கள் வழக்கில் பெற்ற இடத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

குறவஞ்சியும் பிறப்புச் செய்தியும்

ஐரோப்பியக் கேரல் தொடக்கத்தில் வட்டமாக நின்று ஆடிப்பாடும் பாடலாக இருந்து, பின்னரே கிறித்துப் பிறப்பு விழாவுக்கு உரியதாயிற்று. தஞ்சையிலும் ஆடலுக்குரிய ஒரு வடிவமே கிறித்துவின் பிறப்பூரைப் பாட எடுத்தாளப்பட்டது. தலைவன் உலா, தலைவியின் காதல், குறத்தி குறி கூறல், சிங்கன் பறவை பிடித்தல் ஆகிய குறவஞ்சி உறுப்புகளைச் சாஸ்திரியார் மாற்றவில்லை; அவற்றின் பொருளை மாற்றினார். பெத்லகேம் நாதர் தலைவரானார். சீயோன் மகளாகிய தேவமோகினி தலைவியானாள். குறி சொல்லும் சிங்கி விசுவாசத்தின் உருவகமானாள். சிங்கனின் வலை மாந்தரை மீட்கும் நற்செய்தியாயிற்று. குறவஞ்சியை அறிந்த மக்களுக்கு இக்கதைப்போக்கு புதிதன்று, செய்தியே புதிது.

எதிர்ப்பும் ஏற்பும்

சுவார்ட்சிடம் பயின்ற சாஸ்திரியாருக்கும் பின்வந்த ஆங்கிலிக்கன் மறைப்பணியாளருக்கும் 1820களில் பூசல் மூண்டது. வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்துதல், சாதியினரை ஒன்றுபடக் கட்டாயப்படுத்துதல், விழாக்களில் மலர்களை விலக்குதல், தமிழ்ப் பாடல்களை விலக்குதல் என்னும் நான்கையும் அவர் கொடுமைகள் எனச் சாடினார். தமிழிசைக்கான வாதமும் சாதி வேறுபாட்டுக்கான வாதமும் அவரிடம் ஒரே முறையீட்டில் அமைந்தமை கருதத்தக்கது. இப்பாடல்களைப் ‘பண்பாட்டேற்பு’ என்று மட்டும் போற்றும் ஆய்வு இவ்விணைப்பைக் காணத் தவறுகிறது.

எனினும் பாடல்கள் அப்பூசலைக் கடந்து பரவின. 1853இல் அமெரிக்க மதுரை மறைப்பணியைச் சேர்ந்த எட்வர்டு வெப், பெரிதும் சாஸ்திரியாரின் பாடல்களைக் கொண்டே கீர்த்தனைத் தொகுப்பை அச்சிட்டார்.

முடிவுரை

இன்று தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் ஞானப்பாட்டும் கீர்த்தனையும் ஒரே வழிபாட்டில் ஒலிக்கின்றன. கீர்த்தனை அவ்விடத்தை எளிதில் பெறவில்லை. மக்கள் அறிந்த வடிவத்தைத் தேர்ந்தமை அதன் பரவலுக்குத் துணைநின்றது; ஆயின் அவ்வடிவத்தைக் காக்க எழுந்த குரல் சமத்துவத்தின் குரலாக இல்லை. இவ்விரண்டையும் சேர்த்து நோக்குவதே தஞ்சை மரபை மதிப்பிட உதவும்.